அம்மாவும் ஆறு ரிமோட்டும்!

"டேய்... படம் வருது, சத்தம் வரலைடா!"

கும்மிடிப்பூண்டி லோக்கலில், கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே, ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் செல்போனுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைத்தான் செய்வீர்கள். "அந்தக் கறுப்பு ரிமோட்டை எடும்மா" என்பீர்கள்.

"எல்லாமே கறுப்புதாண்டா."

"நீளமா இருக்குமே, அது. மேல சிவப்பா ஒரு பட்டன் இருக்கும் பாரு."

"எல்லாத்துலயும் மேல சிவப்பா ஒரு பட்டன் இருக்கு."

இதற்குள் கம்பார்ட்மென்ட் முழுக்க விஷயம் பரவிவிட்டது. "மியூட்ல போட்டிருப்பாங்க சார்" என்றார் ஜன்னலோரக் கண்ணாடிக்காரர். "ஏ.வி. மாத்தச் சொல்லுங்க பிரதர்" என்றான் காதில் ஒயர் மாட்டிய பையன். மீன் கூடையோடு கதவோரம் உட்கார்ந்திருந்த ஆயா மட்டும் நிதானமாக, "ஒரு தட்டு தட்டச் சொல்லு நைனா. எங்கூட்டுது அப்பிடித்தான் பேசும்" என்றது.

மியூட் எடுத்தோம். ஏ.வி. மாற்றினோம். தட்டியும் பார்த்தோம். எண்ணூர் வந்தபோது சத்தம் வந்துவிட்டது. படம் போயிருந்தது.

"எத்தனை தடவைம்மா சொல்றது!" என்று கத்திவிட்டேன். கொஞ்சம் பலமாகவே. கம்பார்ட்மென்ட்டில் திடீரென்று எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம். அப்புறம், "சரிடா... நீ பத்திரமா வா" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் ஊர் அத்திப்பட்டு. பெயரைச் சொன்னாலே, "சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா சார்?" என்பார்கள். 2001-ல் வந்த அந்தப் படத்தில் மேப்பிலிருந்தே அழித்தது அத்திப்பட்டியை. நாங்கள் அத்திப்பட்டு. 'டி'க்கும் 'டு'வுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிழைத்துக் கிடக்கிறோம். மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, ஒரு பக்கம் காமராஜர் துறைமுகம், இன்னொரு பக்கம் 1994-லிருந்து மின்சாரம் தயாரிக்கும் வடசென்னை அனல் மின் நிலையம், கூப்பிடு தூரத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட்டுக்கு இன்னொன்று. (அப்படியென்றால் உங்கள் ஊரில் கரண்ட்டே போகாதே என்கிறீர்களா? புயலுக்கும் மழைக்கும் கம்பி அறுந்தால் எந்த ஊராக இருந்தாலும் இருட்டுதான் சார்.)

இந்த ஊரில், பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், ஆறு ரிமோட். டிவிக்கு ஒன்று. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று. ஹோம் தியேட்டருக்கு ஒன்று. டிவிடி பிளேயருக்கு ஒன்று (பிளேயர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, ரிமோட் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது). ஏ.சி.க்கு ஒன்று. போன கோடையிலிருந்து ஃபேனுக்கும் ஒன்று! ஃபேனுக்கு ரிமோட் வரும் என்று ரெகுலேட்டர் திருகிய காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அம்மாவுக்கு மெஷின் என்றால் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு பிளாக் அண்ட் ஒயிட் சாலிடேர். நம் சென்னைத் தயாரிப்பு. அதற்கு ரிமோட் கிடையாது. அல்லது, ரிமோட் நான்தான். "டேய், சேனல் மாத்து" என்றால் எழுந்து போய்த் திருகிவிட்டு வர வேண்டும். ஆனால் படம் உருண்டால் அதை நிறுத்தும் கை அம்மாவுடையது. பின்பக்கம் எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது தெருவிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். 2006-ல் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்து, எங்கள் முறை வந்தபோது, கூடவே வந்த ரிமோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஒரு டிவி, ஒரு ரிமோட். தகராறே இல்லை.

தகராறு செட்டாப் பாக்ஸோடு வந்தது. சென்னை நகரத்தில் அந்தப் பெட்டி சி.ஏ.எஸ். என்ற பெயரில் 2003-லேயே தலைகாட்டியது. எங்களைப் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வந்து சேர நிறைய வருஷம் பிடித்தது. அது வந்த நாளிலிருந்து சேனல் மாற்ற ஒரு ரிமோட், டிவியை அணைக்க ஒரு ரிமோட் என்றாயிற்று. அதையும் சமாளித்தாள்.

அப்புறம் நான் ஹோம் தியேட்டர் வாங்கினேன்.

ஏன் வாங்கினேன்? எல்லா ஆண்பிள்ளைகளும் ஏன் வாங்குகிறார்களோ அதற்காகத்தான். 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். சத்தத்தோடு வந்ததிலிருந்து, டைனோசர் நம் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட வேண்டும் என்று ஒரு ஆசை உலகம் பூராவும் தொற்றிக்கொண்டது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கீழே அதிர்வுக்கு ஒரு குண்டுப் பெட்டி. ஆக 5.1. பின்பக்க இடது ஸ்பீக்கரை வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். டைனோசர் வந்தது என்னவோ இரண்டே ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் சீரியல் மாமியார்தான் ஃபிரிட்ஜ் மேலிருந்து கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

இதில் நான் செய்த ஒரு புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் சத்தம் வந்தால் எதிரொலிக்கிறதே என்று, செட்டிங்கில் போய் டிவியின் சொந்த ஸ்பீக்கரை வாயடைத்துவிட்டேன். அதன் அர்த்தம் என்னவென்றால், ஹோம் தியேட்டர் தெரியாதவருக்கு இனி அந்த வீட்டில் சத்தம் கிடையாது. பகலெல்லாம் வீட்டில் இருப்பது அம்மா ஒருத்திதான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. படம் வருது, சத்தம் வரலை என்ற போனெல்லாம் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தன.

ரயிலில் கத்திய ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறு பட்டாக்கத்திக்குப் பதில் ஒரு பேனாக்கத்தி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். யுனிவர்சல் ரிமோட்!

ரிமோட்டின் கதையே ஒரு சோம்பேறியின் கதைதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. 1950-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி கொண்டுவந்த டிவி ரிமோட்டுக்குப் பெயரே அதுதான், 'லேஸி போன்ஸ்'. அதற்கும் டிவிக்கும் நடுவே ஒயர் ஓடும். ஹாலில் நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். 1955-ல் அதே கம்பெனியின் யூஜின் பாலி, துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச் செய்தார். டிவியின் நான்கு மூலையிலும் நான்கு கண்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும். ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் நடந்துவிடும் என்பதுதான் கஷ்டம். அடுத்த வருஷமே ராபர்ட் ஆட்லர் என்ற விஞ்ஞானி வேறு வழி பிடித்தார். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியை அடிக்கும். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி கேட்டுக்கொள்ளும். பேட்டரியே கிடையாது. ஏன் தெரியுமா? பேட்டரி தீர்ந்துபோனால் டிவியே கெட்டுவிட்டது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று விற்பனைப் பிரிவுக்காரர்கள் பயந்தார்களாம். எவ்வளவு தீர்க்கதரிசனம்! பேட்டரியைக் கடித்து, வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் உருட்டி, கடைசியில் ரிமோட்டின் முதுகில் நான்கு சாத்து சாத்துகிற நம்மை அவர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். பாலிக்கும் ஆட்லருக்கும் 1997-ல் எம்மி விருதே கொடுத்து கௌரவித்தார்கள்.

நம் கையில் இருப்பது 1980-களில் பரவிய இன்ஃப்ராரெட் வகை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். வீட்டில் ரிமோட் கூடக்கூட, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தவர்களில் ஆப்பிள் கம்ப்யூட்டரைப் பெற்றெடுத்த ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். ஆப்பிளை விட்டு வந்து தனிக் கம்பெனி ஆரம்பித்து, 1987-ல் 'கோர்' என்ற ரிமோட்டை விட்டார். மற்ற ரிமோட்களிடமிருந்து பாடம் கற்றுக்கொள்ளும் ரிமோட். கம்ப்யூட்டரில் ஜெயித்தவர் இதில் பெரிதாகக் கொடி நாட்டவில்லை. ரிமோட் சங்கதி அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சரி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவோம். மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் ரிமோட் வாங்க ஒரு முறை இருக்கிறது. எந்த கம்பெனி, எந்த மாடல் என்று வாயால் சொல்லக்கூடாது. பழசை எடுத்து நீட்ட வேண்டும். நான் மஞ்சப்பையிலிருந்து நான்கை எடுத்து நீட்டினேன். கடைப்பையன் அவற்றை வாங்கிய கையோடு ஒவ்வொன்றையும் தன் செல்போன் கேமராவின் முன் பிடித்து அழுத்தினான். ரிமோட்டின் மூக்கில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கியது. "மினுக்குச்சுன்னா உயிர் இருக்கு சார். இல்லேன்னா பேட்டரி, இல்லேன்னா பட்டனுக்கு அடியில அழுக்கு." நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது. (சில போன்களில் பின்பக்கக் கேமரா இதைக் காட்டாது. செல்ஃபி கேமராவில் பாருங்கள்.) இது ஒன்றுக்காகவே அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். எங்கள் ஊர்க் காற்றில் கடல் உப்பும் உண்டு, கரித்தூளும் உண்டு. பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறி, நல்ல ரிமோட் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தாலே பாதிக்கு மறுவாழ்வு.

அந்த ஊதாப் பொட்டு சும்மா மினுக்குவதில்லை. விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. டியூப்லைட்டும் வெயிலும் அதே அறையில் இருந்தாலும், டிவியின் கண் இந்தத் தாளத்தை மட்டும்தான் கவனிக்கும். திருவிழாக் கூட்டத்திலும் நம் குழந்தையின் குரல் தனியாகக் கேட்கிற மாதிரி. அந்தத் தாளத்துக்குள் விட்டு விட்டு வரும் துடிப்புகள்தான் 'சேனல் மாற்று', 'சத்தம் கூட்டு'. சொல்லி முடிக்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. பிலிப்ஸ் வகுத்த பழைய முறை விநாடிக்கு 36,000 துடிப்பு, சோனிக்கு 40,000. எல்லாரும் ஒரே பாஷை பேசினால் என்ன குறைந்துபோகும்? தெரியாது. சம்பந்திகள் மாதிரி, ஆளுக்கொரு முறை.

யுனிவர்சல் ரிமோட்டில் இரண்டு ரகம். ஒன்று, எல்லா கம்பெனி பாஷையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வருவது; சீட்டில் உள்ள கோடு நம்பரைப் போட்டால் போதும். இன்னொன்று, கிளிப்பிள்ளை ரகம். பழைய ரிமோட்டையும் இதையும் மூக்கோடு மூக்கு வைத்து, பழசில் ஒரு பட்டனை அழுத்தினால், அப்படியே பிடித்துக்கொள்ளும். அர்த்தம் தெரியாது, சொன்னதைச் சொல்லும். நான் வாங்கியது இரண்டாவது. அதில் கூடுதலாக ஒரு வசதி, 'மேக்ரோ'. ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாக அடைத்துவிடலாம்.

சனிக்கிழமை ராத்திரி, விஜயதசமிக்குக் குழந்தையை நெல்லில் 'அ' எழுத வைக்கிற மாதிரி, தரையில் உட்கார்ந்து அதற்குப் பாடம் நடத்தினேன். நாற்பது நிமிஷம். மேலே உள்ள பெரிய பச்சை பட்டனில் மூன்று கட்டளை. செட்டாப் பாக்ஸ் பவர், டிவி பவர், ஹோம் தியேட்டர் பவர். ஒரே அழுத்து, மூன்றும் விழிக்கும். இன்னொரு அழுத்து, மூன்றும் தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் திறப்பு விழா. அழுத்தினாள். படம்! சத்தம்! ஃபிரிட்ஜ் மேலிருந்து மாமியார்! "பரவாயில்லையேடா" என்றாள். நான் பழைய ரிமோட் நான்கையும் மஞ்சப்பையில் கட்டிப் பரணில் போட்டேன். "இனிமே இதையெல்லாம் நீ தொடவே வேணாம்மா."

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் போனே வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பப் பேசுதா நைனா?" என்று ரயிலில் மீன் கூடை ஆயா மறக்காமல் கேட்டது. "சூப்பராப் பேசுது ஆயா" என்றேன்.

பதிமூன்றாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்து, ஏழேகால் மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. என் மனைவி வேலை விட்டு வர எட்டாகும். அம்மா? எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, சீரியல் பாட்டு கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதவோரம், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வா தம்பி" என்றார் எதிர்வீட்டு அக்கா. "அம்மா தெனம் ஏழு மணிக்கு டாண்ணு வந்துடுவாங்க. என்ன தம்பி, உங்க வீட்டு டிவி இன்னும் ரிப்பேர் ஆகலையா? மெக்கானிக் ஊர்ல இல்லைன்னு சொன்னாங்களே?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, "ஏம்மா எனக்கு ஒரு போன் பண்ணலை?" என்று கேட்டேன். கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டே, "நீ டிரெயின்ல வருவ... நாலு பேர் இருப்பாங்க. அதுக்குப் போய் எதுக்குக் கத்திக்கிட்டு" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பதிலுக்குத் திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

ரிமோட்டைக் கையில் எடுத்தேன். பச்சை பட்டனை அழுத்தினேன். டிவி வந்தது. நீலத் திரை. 'சிக்னல் இல்லை.' மறுபடி அழுத்தினேன். டிவி அணைந்தது, செட்டாப் பாக்ஸில் விளக்கு வந்தது. மறுபடி. நீலம். மறுபடி. இருட்டு. ஒருத்தன் முழித்தால் இன்னொருத்தன் தூங்குகிறான். ஷிப்ட் மாறுகிற தொழிலாளிகள் மாதிரி மூன்று பேரும் ஒன்றாக முழித்திருக்கிற நேரமே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு? ராத்திரி எப்படிம்மா அணைச்ச?"

"நீ சொன்ன பட்டனைத்தான் அழுத்தினேன். அப்புறம் சுவத்து சுவிட்சையும் அணைச்சேன்."

"அதை ஏன் அணைச்ச?"

"இடி இடிச்சா? அதுவும் இல்லாம, சிவப்பு விளக்கு எரிஞ்சா கரண்ட் ஓடும்ல? நூறு யூனிட்தானேடா ஃப்ரீ!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பி.காம். படித்தவனுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். ஓப்பனிங் பேலன்ஸ்!

இன்ஃப்ராரெட் ரிமோட் பேசும், கேட்காது. டிவி தூங்குகிறதா, முழித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலான ரிமோட்களில் பவர் பட்டன் ஒன்றுதான். அதன் அர்த்தம் 'ஆன்' இல்லை, 'ஆஃப்' இல்லை. 'இப்போது இருப்பதற்கு எதிராகப் போ', அவ்வளவுதான். அதாவது, ஓப்பனிங் பேலன்ஸ் என்ன என்றே பார்க்காமல் என்ட்ரி மட்டும் போடுகிற கணக்குப்பிள்ளை. ஆரம்பம் சரியாக இருந்தால் முடிவு சரியாக இருக்கும். ஆரம்பத்தில் ஒரு கணக்கு புரண்டிருந்தால் எத்தனை என்ட்ரி போட்டாலும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

எங்கள் செட்டாப் பாக்ஸின் சுபாவம், கரண்ட் வந்ததும் தானாக முழித்துக்கொள்வது. டிவியும் ஹோம் தியேட்டரும் அப்படியில்லை. ஆணை வரும்வரை தூங்கும். அம்மா ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்து மறுநாள் போட்டதும் பெட்டி முழித்துவிடும். அங்கே என் மேக்ரோ வந்து முழித்திருப்பவனைத் தூங்க வைத்து, தூங்குகிற இரண்டு பேரை எழுப்பும். விளைவு, நீலம். பழைய செட்டாப் பாக்ஸ் ரிமோட் கையில் இருந்திருந்தால் அம்மாவே ஒரு அழுத்தில் சரிசெய்திருப்பாள். அதைத்தான் நான் பரணில் போட்டுவிட்டேனே.

இந்தக் கணக்குச் சிக்கல் உலகப் பிரசித்தம். இதற்காகவே 'ஹார்மனி' என்று ஒரு ரிமோட் வந்தது. கனடாவில் பிறந்தது; 2004-ல் லாஜிடெக் கம்பெனி வாங்கிக்கொண்டது. எதை ஆன் செய்தோம், எதை ஆஃப் செய்தோம் என்று தன் ஞாபகத்தில் ஏடு எழுதி வைத்துக்கொள்ளும். ஏடு தப்பானால், 'ஹெல்ப்' பட்டனை அழுத்த, 'டிவி ஆனில் இருக்கிறதா?' என்று நம்மையே கேட்டுத் திருத்திக்கொள்ளும். இவ்வளவு சமர்த்தான அதையும் 2021-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதுவும்கூட, அம்மா சுவர் சுவிட்சில் கை வைத்தால் ஏமாந்துதான் போகும்.

நான் முதலில் நினைத்தது, சுவிட்சைத் தொடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல செட்டாப் பாக்ஸ்கள் தூங்கும்போதும் ஏறக்குறைய முழித்திருக்கும்போது தின்கிற அளவே மின்சாரம் தின்பவை. 10 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல் அதற்கே போகும். அம்மா சொன்ன நூறு யூனிட் இலவசத்தில் ஏழில் ஒரு பங்கு! பி.காம். நானா, அவளா?

ஆக, மாற வேண்டியது சுவிட்ச் இல்லை, மேக்ரோ. உட்கார்ந்து யோசித்தால் ரொம்பச் சின்ன விஷயம். பச்சை பட்டனிலிருந்து செட்டாப் பாக்ஸை எடுத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் அது தானே எழுந்திருக்கும். பட்டனை அழுத்தினால் மற்ற இரண்டும் எழுந்திருக்கும். ராத்திரி அழுத்தினால் இரண்டும் தூங்கும். சுவிட்சை அணைத்தால் மூன்றும் பூஜ்யம். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் அதே நிலைதான். அம்மா தினமும் ராத்திரி கணக்கை முடித்து, மறுநாளுக்குச் சுத்தமான ஓப்பனிங் பேலன்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அதை உபயோகிக்கத் தெரியாதவன் நான்தான். கூடவே, டிவியின் சொந்த ஸ்பீக்கரின் வாய்க்கட்டையும் அவிழ்த்துவிட்டேன். ஹோம் தியேட்டர் சண்டி பண்ணினாலும் டிவி பேசும்.

ஒத்திகை பார்த்தோம். அம்மா அழுத்தினாள். டிவி வந்தது, ஹோம் தியேட்டர் வரவில்லை. என்னடா இது சோதனை என்று பார்த்தால், பட்டனை அழுத்திய கையோடு ரிமோட்டை மடியில் கவிழ்த்துவிடுகிறாள். முதல் கட்டளை டிவிக்குப் போய், இரண்டாவது அவள் புடவைக்குப் போகிறது. மேக்ரோ சொல்லி முடிக்கும்வரை ரிமோட்டின் மூக்கு பெட்டியைப் பார்த்தே இருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ரெண்டு மூணு செகண்டும்மா."

"செகண்டெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? மூணு தடவை 'முருகா' சொல்றேன்."

சிறுவாபுரி முருகன் பக்கத்து ஊர்க்காரர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது முருகாவில் ஃபிரிட்ஜ் மேலிருந்து மாமியார் வந்துவிட்டார். என் மனைவியின் மருதாணிச் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, சத்தம் கூட்டும் பட்டனிலும் குறைக்கும் பட்டனிலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். ("புதுசுங்க அது, போன வாரம்தான் வாங்கினேன்!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. பதிவு செய்கிறேன்.)

உங்கள் வீட்டில் டிவியும் சவுண்ட் பாரும் கொஞ்சம் புதுசாக இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் போகாமலேயே பிழைத்துக்கொள்ளலாம். ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் சி.இ.சி. என்று ஒரு வசதி உண்டு. ஒயர் வழியே பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். டிவி முழித்தால் சவுண்ட் பாரும் முழிக்கும், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். ஒயரை 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிற துவாரத்தில் சொருக வேண்டும். 2009-க்குப் பிறகு வந்த வசதி. மெனுவில் தேடினால் இதன் பெயர் சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. ஒரே சாம்பாருக்கு ஓட்டலுக்கு ஓட்டல் வேறு பெயர். எங்கள் ஹோம் தியேட்டர் சிவப்பு வெள்ளை ஒயர் காலத்தது. அதற்கு இந்த யோகம் இல்லை. இன்னொன்று, ஃபயர் ஸ்டிக் மாதிரி சமாசாரங்களை ஓட்டும் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. கிளிப்பிள்ளை ரிமோட் அதைக் கற்றுக்கொள்ளாது. கடையில் தலையாட்டினாலும் நம்பி வாங்கிவிடாதீர்கள்.

பரணிலிருந்து மஞ்சப்பையை இறக்கி, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை மட்டும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். "இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு" என்று பழையபடி பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட். டிவிடி ரிமோட்டின் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் காற்றும் மழையும். லோக்கல் லேட். விம்கோ நகர் தாண்டும்போது செல்போன் அடித்தது. பார்த்தால் அம்மா. மணி ஏழு இருபது. சுற்றியிருந்த பழைய முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. கண்ணாடிக்காரர் பேப்பரை மடித்தே விட்டார்.

"என்னம்மா?"

"கரண்ட் போயிட்டு வந்துச்சுடா. பட்டனை அழுத்தி மூணு முருகா சொன்னேன். வந்துடுச்சு."

"சத்தம்?"

"சத்தமும்தான். அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். கூட்டமா இருக்கா? வெச்சிடட்டுமா?"

"வேணாம், பேசும்மா. சீரியல் போயிடுமே?"

"விளம்பரம்தாண்டா ஓடுது. நீ சொல்லு, எங்க வந்திருக்க?"